தன்னைத்தானே ஆளும் கட்டடம்

வெயிலையும் மழையையும் தடுக்கச் சுவரும் கூரையும் போதும். ஆயினும் உள்ளே வாழ்வோருக்கு ஏற்ற வெம்மையையும் காற்றையும் ஒளியையும் அளவறிந்து தருதலும் கட்டடத்தின் கடனாகும். இக்கடனைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனே தன் கையால் நிறைவேற்றி வந்தான். வெயில் ஏறினால் மேற்குச் சாளரத்தைச் சாத்தினான். சோளகம் வீசினால் கதவைத் திறந்துவைத்தான். வாடை கடுத்தால் மீண்டும் சாத்தினான். இன்று கொழும்பு, சென்னை போன்ற நகரங்களிலுள்ள பெரிய மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இவ்வேலையைக் கருவிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அக்கருவிகள் எவ்வாறு தோன்றின, அவற்றைப் பொருத்துவதிலும் அவற்றின் பழுதைக் காண்பதிலும் மனிதன் கற்ற பாடங்கள் யாவை என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

கட்டுப்பாடு என்பதன் இயல்பை விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. எங்கள் நறுவிலிக்குளத்தைச் சூழ்ந்த நானாட்டான் பகுதி வயல்களுக்கு நீரளிப்பது கட்டுக்கரைக்குளம். அருவி ஆற்றின் நீரைத் தேக்கம் அணையில் மறித்து அக்குளத்துக்குத் திருப்பினர் நம் முன்னோர். குளத்து நீரைப் பகிர்ந்தளிக்கும் விதானையார் செய்ததென்ன? முதலில் நீர்மட்டத்தைக் கண்ணாற் பார்த்தார். அடுத்து, வயலுக்கு வேண்டிய நீரோடு அதனை ஒப்பிட்டார். பின்பு மதகின் பலகையை உயர்த்தினார் அல்லது தாழ்த்தினார். அதனோடு அவர் ஓயவில்லை. தாம் செய்ததன் பயன் யாதென மறுபடியும் நீர்மட்டத்தைப் பார்த்தார். உணர்தல், ஒப்பிடல், செயற்படல், மீண்டும் உணர்தல் என இவ்வட்டம் சுழன்றுகொண்டேயிருந்தது. இலங்கையின் பழங் குளங்களிலே அணைக்கட்டினுள் கல்லால் அமைந்த சதுரக் கிணறு ஒன்றைக் காணலாம். சிங்களத்தில் அதனைப் பிசோகொட்டுவ என்பர். குளத்து நீரின் பேரழுத்தத்தை அடக்கி அளவாக வெளிவிட உதவிய அவ்வமைப்பை, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே வியந்து எழுதினார். செயற்படும் உறுப்பை நம் நாட்டார் அன்றே செம்மையாக அமைத்திருந்தனர். உணர்தலும் ஒப்பிடலும் மட்டும் மனிதனிடமே இருந்தன.

அவ்விரண்டையும் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியஸ் என்பார், நீர்க்கடிகாரத்தில் நீர் ஒரே அளவில் நிற்கும்படி மிதவை ஒன்றை வைத்தார். நீர் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து வரும் வழியை அடைக்கும்; தாழ்ந்தால் வழி திறக்கும். இன்று நம் வீட்டு நீர்த்தொட்டியில் உள்ள பந்துக்குழாய் அதன் வழித்தோன்றலே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரான கொர்னேலியஸ் திரெபெல், முட்டை பொரிக்கும் அடுப்பொன்றில் சூடு மிகும்போது காற்றுவழி தானே மூடும் அமைப்பைச் செய்தார். சூட்டினால் விரியும் திரவம் இரசத்தைத் தள்ளும். இரசம் ஒரு தண்டை உயர்த்தும். தண்டு மூடியை அசைக்கும். வெம்மையை உணர்ந்து தானே அடங்கிய அடுப்பு அது.

1788 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாற் தம் நீராவிப் பொறியின் வேகத்தை அடக்கச் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட ஆளி ஒன்றைப் பொருத்தினார். பொறி விரைந்தால் குண்டுகள் அகன்று நீராவியைக் குறைக்கும். தளர்ந்தால் நெருங்கி நீராவியைப் பெருக்கும். இத்தகைய ஆளிகள் சிலவற்றில் விந்தையான குறை ஒன்று தோன்றிற்று. வேகம் ஓரளவில் நில்லாது கூடியும் குறைந்தும் ஊசலாடிற்று. இக்குறையின் காரணத்தைக் கணித முறையால் ஆராய்ந்து கிளார்க் மக்ஸ்வெல் 1868 ஆம் ஆண்டிலே கட்டுரை எழுதினார். தேவைக்கு மிஞ்சித் துடிக்கும் கட்டுப்பாடு, கட்டுப்பாடு இன்மையை ஒத்ததே என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது. இன்றும் புதிதாகப் பொருத்திய குளிரூட்டி ஒன்று அறையை ஒருகணம் நடுங்கச் செய்து மறுகணம் வியர்க்க வைக்குமாயின், அதன் நோய் மக்ஸ்வெல் ஆராய்ந்த அந்நோயே எனலாம்.

கட்டடத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1830 ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அந்திரு யூர் என்னும் அறிஞர், இருவகை உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த சட்டம் சூட்டினால் வளையும் இயல்பைக் கொண்டு வெப்பநிலைநிறுத்தி ஒன்றை அமைத்தார். இரண்டு உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை ஆதலின் சட்டம் ஒருபுறமாக வளைகின்றது. அவ்வளைவே ஒரு மூடியைத் திறக்கவோ மூடவோ போதுமானது. ஆயினும், பலர் கூடும் பெருங் கட்டடம் ஒன்றின் வெம்மையைக் கருவியால் ஆள வேண்டுமென்ற எண்ணம் தொழிற்சாலையிற் பிறக்கவில்லை. அது பிறந்த இடம் ஒரு கல்விக்கூடம். ஆசிரியத் தொழிலில் ஆண்டுகள் பல கழித்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே வைற்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரிய கலாசாலை ஒன்று இருந்தது. அங்கே கற்பித்தவர் வாறன் ஜோன்சன். அந்நாட்டின் குளிர்காலம் கொடியது. நிலவறையில் எரியும் உலையின் வெப்பமே வகுப்பறைகளைக் காத்தது. எந்த அறை குளிர்ந்தது, எந்த அறை மிகச் சூடாயிற்று என அறியக் கட்டடப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பினுள்ளும் புகுந்து பார்த்தல் வேண்டும். பின்னர் நிலவறைக்கு இறங்கி வெப்பவழிகளைத் திறக்கவோ மூடவோ வேண்டும். பாடம் நடக்கும்போது கதவு திறக்கும். மாணவர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். ஆசிரியர் சொன்ன சொல் பாதியில் நிற்கும். பள்ளிக்கூடத்திற் பணியாற்றிய எவர்க்கும் இத்தொல்லை விளங்கும்.

ஜோன்சன் இதற்கொரு வழி தேடினார். அறையின் வெம்மை குறித்த அளவைக் கடந்ததும் மின்கம்பி வழியே நிலவறையில் மணியடிக்கும் கருவியைச் செய்து, 1883 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இதிலே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்கருவி பணியாளரை நீக்கவில்லை. அவருடைய கால்நடையை மட்டுமே குறைத்தது. உணர்தலைக் கருவி ஏற்றது. செயல் அவரிடமே நின்றது. 1885 ஆம் ஆண்டில் ஜோன்சன் மில்வோக்கி நகரில் தம் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் மினியாப்பொலிஸ் நகரில் அல்பேட் பட்ஸ் என்பார், அறையிலுள்ள வெப்பநிலைநிறுத்தியின் கட்டளைப்படி உலையின் காற்றுமூடியைத் தானே தூக்கவும் இறக்கவும் வல்ல பொறியை உருவாக்கினார். அங்கே செயலும் கருவியின் கைக்கு மாறிற்று.

1895 ஆம் ஆண்டில் ஜோன்சன் அமுக்கிய காற்றால் இயங்கும் கட்டுப்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அறைச் சுவரில் உள்ள சிறு பெட்டிக்குள் வெப்பத்தால் அசையும் உறுப்பொன்று, நுண்ணிய துளையொன்றினின்று வெளிப்படும் காற்றைத் தடுக்கும் அல்லது விடும். அதனாற் குழாயில் அழுத்தம் மாறும். அவ்வழுத்தம் தொலைவிலுள்ள வால்வை அசைக்கும். இம்முறையால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே ஆள முடிந்தது. பின்னாளிற் பெருவழக்கான அளவு, சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 இறாத்தல் வரையான அழுத்தமாகும். ஏன் பூச்சியத்தில் தொடங்காது மூன்றில் தொடங்கினர்? குழாய் உடைந்தால் அழுத்தம் பூச்சியமாகும். மிகக் குறைந்த அளவும் பூச்சியமாயின், கருவி தாழ்ந்த அளவைச் சொல்கிறதா, அல்லது செத்துப்போயிற்றா என அறியமுடியாது. இக்காரணம்பற்றியே பிற்கால மின்கருவிகளும் 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டத்தைச் செய்தியாகக் கொண்டன. மெல்லப் பேசுதல் வேறு; பேச்சற்றுப் போதல் வேறு. வானொலி நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

குளிர்நாட்டார் வெப்பத்தை ஆண்ட கதை இது. நம்போன்ற வெப்பநாட்டில் என்ன நடந்தது? ஆங்கிலேயர் காலத்துக் கச்சேரிகளிலும் மாளிகைகளிலும் கூரையிலே துணிவிசிறி ஒன்று தொங்கும். பங்கா எனப்பட்ட அதன் கயிற்றை வெளியே இருந்து ஏழை ஒருவன் நாள் முழுதும் இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே இருப்பவர் குளிர, வெளியே இருப்பவன் வியர்த்தான். அவன் கண்ணயர்ந்தால் கட்டடத்தின் கட்டுப்பாடும் அயர்ந்தது. மின்விசிறி வந்து அவனை அக்கயிற்றினின்று விடுவித்தது. தானியங்கும் கருவிகளைப் பற்றிப் பேசுவோர் அவை பறித்த தொழில்களையே பெரிதும் எண்ணுவர். அவை அறுத்த கயிறுகளையும் எண்ணுதல் முறையாகும்.

குளிரூட்டலின் கதையும் மனிதரின் சுகத்துக்காகத் தொடங்கியதன்று. 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில், ஈரக்காற்றால் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது போயின. அக்குறையைத் தீர்க்க வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் காற்றின் ஈரத்தை அடக்கும் பொறியை வகுத்தார். பின்னர் அதுவே அரங்குகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவி, வளிச்சீராக்கல் என்னும் பெருந்தொழிலாயிற்று. ஈரமும் உப்பும் நிறைந்த கடற்காற்றில் வாழும் மன்னார் மக்கள், காற்றைக் குளிர்வித்தால் மட்டும் போதாது, அதன் ஈரத்தையும் குறைத்தல் வேண்டும் என்பதை எளிதில் உணர்வர்.

1973 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, கட்டடங்கள் விழுங்கும் ஆற்றலைப் பற்றி உலகம் கவலைகொண்டது. ஆளில்லாத அறையில் விளக்கெரிவதும், விடுமுறை நாளிற் குளிரூட்டி ஓடுவதும் பெருங்குற்றமாகத் தோன்றின. அக்காலத்திற் கணினிகளும் மலிந்து வந்தன. 1980 களில் காற்றுக் குழாய்களின் இடத்தைச் சிறு கணினிகள் பிடித்தன. ஆனால் ஒரு நிறுவனத்தாரின் கருவி மற்றொரு நிறுவனத்தாரின் கருவியோடு பேச மறுத்தது. ஒவ்வொன்றும் தனித்தனி மொழி கொண்டிருந்தது. ஒருவரிடம் வாங்கிய கட்டட உரிமையாளர் என்றைக்கும் அவரிடமே கட்டுண்டு கிடக்க நேர்ந்தது. இந்நிலையை மாற்ற அமெரிக்காவின் வளிச்சீராக்கற் பொறியியலாளர் சங்கத்தார் 1987 ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தனர். எட்டு ஆண்டு உழைப்பின் பின் 1995 ஆம் ஆண்டிலே பக்நெற் என்னும் பொதுமொழி வெளியாயிற்று. 2003 ஆம் ஆண்டில் அது உலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. பல மொழி பேசும் நாட்டில் வாழும் நமக்கு, பொதுமொழி ஒன்றை ஆக்க எட்டாண்டுப் பொறுமை வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இத்தகைய அமைப்பைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் அனுபவம் புகட்டிய பாடங்களைக் காண்போம். நாம் முன்பு சொன்ன உணர்தல், ஒப்பிடல், செயற்படல் என்னும் மூன்றையும் கைவிளக்காகக் கொள்க.

முதலாவது, உணரியை வைக்கும் இடம். அறையின் வெம்மையை அறியும் கருவியை மேற்குவெயில் படும் சுவரிலோ, வாயிலருகிலோ, தேநீர்க் கேத்திலுக்கு மேலேயோ வைத்தால், அது அறையின் வெம்மையைச் சொல்லாது. சுவரின் வெம்மையையோ கேத்திலின் வெம்மையையோ சொல்லும். கட்டுப்படுத்தி அதனை நம்பி அறையைப் பனிக்கட்டியாக்கும். இங்கே கட்டுப்படுத்தியிற் குற்றமில்லை. தவறான சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளித்த நீதிபதியின் நிலையே அதற்கு. ஆதலால் வெயில் படாத உட்சுவரில், ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், காற்று உலாவும் இடத்தில் உணரியை வைத்தல் வேண்டும் என்பர் தொழிலறிந்தோர்.

இரண்டாவது, கம்பி. ஒரு பெருங் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான முனைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு இட்டு, வரைபடத்தில் எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே அமைப்பை ஒப்படைத்தல் முறை. மூன்றாம் மாடியின் உணரியும் நான்காம் மாடியின் உணரியும் இடம் மாறிப் பூட்டப்பட்டால், ஒரு மாடியார் வியர்க்க மறுமாடியார் நடுங்குவர். கருவிகள் யாவும் பழுதின்றியே இருக்கும். பல கருவிகள் ஒரே கம்பியிற் பேசும்போது இரண்டுக்கு ஒரே முகவரி கொடுத்துவிட்டால், இரண்டின் பேச்சும் குழம்பிப்போகும். ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால், இடாப்பு வாசிக்கும் ஆசிரியர் படும் பாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, செயலுறுப்பு. திரையிலே வால்வு திறந்துள்ளது என எழுத்துத் தோன்றும். அது கட்டளை மட்டுமே, நிகழ்ச்சியன்று. வால்வைச் சுழற்றும் மோட்டார் அதன் தண்டிலே நழுவியிருக்கலாம். கடற்காற்றின் உப்பால் தண்டு இறுகியிருக்கலாம். பழுது காண்போன் திரையை விட்டெழுந்து, ஏணி வைத்தேறி, அவ்வுறுப்பைக் கண்ணாற் பார்த்துக் கையால் தொட்டறிதல் வேண்டும். சுற்றறிக்கை அனுப்பியதால் வேலை முடிந்ததென எண்ணும் அலுவலரும் திரையை நம்பும் தொழிலாளியும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

நான்காவது, மனிதனின் மறதி. ஒருநாள் விழாவுக்காகத் தானியக்கத்தை நிறுத்திக் கையியக்கத்துக்கு மாற்றுவர். விழா முடிந்தபின் அதனை மீட்க மறப்பர். மாதங்கள் கழித்து மின்கட்டணத்தைக் கண்டு திகைப்பர். எந்தக் கருவியும் பழுதுபட்டிராது. இவ்வாறு கையால் மாற்றியவற்றைக் குறிப்பேட்டில் நாளும் காரணமும் இட்டு எழுதிவைத்தலே இதற்கு மருந்து.

பழுது காணும் முறையும் இவற்றினின்றே பெறப்படும். அறை வெப்பமாயுள்ளது என முறையீடு வந்தால், உடனே எதனையும் மாற்றலாகாது. வேறொரு வெப்பமானியால் அறையை அளக்க. உணரி சொல்வது உண்மையா என அறிக. உண்மையாயின், கட்டுப்படுத்தி தக்க கட்டளை இடுகிறதா எனப் பார்க்க. இடுமாயின், செயலுறுப்பு அதற்குக் கீழ்ப்படிகிறதா எனச் சென்று காண்க. ஒரு வேளையில் ஒன்றனையே மாற்றுக, மாற்றியதை எழுதிவைக்க. மூன்றையும் ஒருங்கே மாற்றியவன் பழுதைத் தீர்த்தாலும், பழுது எதுவென அறியான். அது மீண்டும் வரும்போது அவன் முதல்நாளிலேயே நிற்பான். நோய்முதல் நாடாது மருந்து கொடுக்கும் வைத்தியருக்கும் இது பொருந்தும்.

இவை சுகத்தைப் பற்றிய செய்திகள் மட்டுமல்ல. பெரும்பாலான தடுப்பூசி மருந்துகளை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையே வைத்துக் காத்தல் வேண்டும். அக்குளிரறையின் உணரி பொய் சொன்னால், பயனிழந்த மருந்து குழந்தையின் உடலிற் செல்லும். சென்னையின் முதல் உயர்மாடியாக 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆயுள் காப்புறுதிக் கட்டடம் 1975 ஆம் ஆண்டிலே தீப்பற்றியதைப் பலர் அறிவர். உயர்ந்த மாடிகளிலே தீயை உணர்தலும், புகை பரவும் காற்றுவழிகளைத் தாமாக மூடுதலும், மின்தூக்கிகளைத் தரைக்கு இறக்குதலும் இன்று கட்டுப்பாட்டு அமைப்பின் தலையாய கடமைகளாக உள்ளன. 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அவ்வாறு நின்ற மின்சாரம் மீளும்போது எல்லாப் பொறிகளும் ஒருங்கே கிளம்பினால் மின்வழி தாங்காது. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை எழுப்புவதும் இவ்வமைப்பின் வேலையே.

எனினும், கருவியைப் பெருக்குவதே அறிவுடைமை எனக் கொள்ளலாகாது. 2004 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பசுமைக் கட்டட நிலையம் ஒன்றைத் திறந்துவைத்தவர், நம் எதிர்க்கரையாகிய இராமேச்சரத்திற் பிறந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். அங்கே காற்றை முன்னரே குளிர்வித்து உள்ளே அனுப்பும் காற்றுக்கோபுரங்கள் உண்டு. இலங்கையில் துல்கிரியவில் 2008 ஆம் ஆண்டில் எழுந்த ஆடைத் தொழிற்சாலையும் பசுமைக் கட்டடமாக வகுக்கப்பட்டுப் புகழ்பெற்றது. முதலில் நிழலையும் காற்றையும் நாடி, எஞ்சியதையே பொறியிடம் விடுதல் இக்கட்டடங்கள் காட்டும் நெறியாகும். தென்னோலைக் கிடுகின் கீழ் வாழ்ந்த நம் பாட்டனார் இந்நெறியை அறியாதவரல்லர்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய முப்பது காற்றாலைகளை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் காற்றின் திசையையும் வேகத்தையும் அறியும் உணரிகள் உண்டு. திசை மாறினால் தலை தானே திரும்பும். காற்று மிகக் கடுத்தால் இறகுகள் தாமே சாய்ந்து சுழற்சி அடங்கும். கடல்கடந்து வரும் பறவைக் கூட்டங்களைக் கண்டு ஆலைகளை நிறுத்துதற்பொருட்டு ராடார் கருவியும் அத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. இவ்வாலைகளைக் குறித்துத் தீவு மக்களிடையே முறையீடுகள் உண்டு. அவை தனியே பேசத்தக்கவை. நமது பொருளுக்கு வேண்டியது இதுவே: விதானையார் குளக்கட்டில் நின்று செய்த அதே நாற்படி வேலை, இன்று நம் கடற்கரையில், வானளாவ நின்று நடைபெறுகின்றது.

நேயர்களே, வடமாகாணத்திற் புதிய மருத்துவமனைகளும் அலுவலகங்களும் எழுகின்றன. அவற்றினுள் வெளிநாட்டுக் கருவிகள் வந்து அமர்கின்றன. அவை பழுதுறும் நாளிற் பார்க்க எவரும் இல்லையாயின், கதவைச் சாத்திய கண்ணாடிக் கட்டடம் பழைய கிடுகுக் கொட்டிலினும் வெப்பமாகும். 2013 ஆம் ஆண்டு முதல் நம் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்துள்ளது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்ல இயலாதோரின் ஒதுக்கிடம் அதுவெனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. நோயறிந்து தீர்க்கும் மருத்துவனுக்கு வேண்டிய அதே கூர்மையும் பொறுமையும் இத்தொழிலுக்கும் வேண்டும்.

ஜோன்சனின் மணி நிலவறையில் ஒலித்தபோது அங்கே அதனைக் கேட்க ஒருவர் இருந்தார். கேட்டதும் எழுந்து செய்யத்தக்கதைச் செய்தார். தன்னைத்தானே ஆளும் கட்டடம் என நாம் இன்று புகழ்வது எதுவாயினும், அதன் மணியைக் கேட்டு எழுந்து செல்லும் ஒருவர் அதற்கு என்றும் வேண்டும். அவரை ஆக்குதல் கல்விக்கூடத்தின் கடன். அவரை மதித்தல் சமுதாயத்தின் கடன்.